கலங்கிய தொட்டியைக் கவிழ்ப்பதற்கு முன்

ஆரம்பாக்கத்திலும் பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மற்ற மீனவச் சிற்றூர்களிலும் வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து நன்னீர் வண்ணமீன் வளர்க்கும் குடும்பத்தினருக்கும், மாணவர்களுக்கும், அம்மீன்களைச் சிறுதொழிலாக வளர்த்து விற்கத் தொடங்கியிருப்போருக்கும் எழுதும் மடல் இது.

தொட்டிநீர் வெளுத்தோ பச்சையாகவோ கலங்கியவுடன் அதை முழுவதும் இறைத்துவிட்டு, கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, புதுநீர் நிரப்பி மீன்களைத் திரும்ப விடுவது பரவலான வழக்கமாக உள்ளது. அவ்வாறு செய்த சில நாள்களிலேயே நீர் மீண்டும் கலங்குவதும், மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவிப்பதும், ஒன்றிரண்டு செத்து மிதப்பதும், அதைக் கண்டு தொட்டியை இன்னொரு முறை கழுவிக் கவிழ்ப்பதும் தொடர்ந்து நிகழ்கின்றன. இந்தச் சுழலுக்குப் பெருங்காரணம் அந்தக் கழுவுதலே என்பதை எடுத்துரைப்பதும், கலங்கல் பல வகைப்படும் ஆதலால் வகையறிந்த பின்னரே கை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதும் இம்மடலின் நோக்கம்.

கலங்கல் என்றாலே அழுக்கு என்று கொள்வதிலிருந்து பிழை தொடங்குகிறது. பழவேற்காட்டு ஏரியின் நீர் ஆண்டின் பெரும்பகுதி ஏதேனும் ஒரு வகையில் கலங்கியே இருப்பதையும், அந்த நீரிலேயே இறாலும் மடவையும் நண்டும் வளர்வதையும் இக்கரை மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் ஏரிக்கு ஆரணியாறும் காளங்கியாறும் நீர் கொண்டுவருகின்றன, முகத்துவாரம் வழியே கடல் ஏறி இறங்குகிறது. முகத்துவாரம் மணலால் அடைபடும் ஆண்டுகளில் ஏரிக்கு என்ன நேர்கிறதோ, அதுவே நீர்ப்போக்கற்ற கண்ணாடித் தொட்டிக்கு எந்நாளும் நேர்கிறது. உள்ளே விழும் உணவும் மீன் வெளியிடும் கழிவும் வெளியேற வழியின்றி அங்கேயே தங்குவதால், அவற்றை உண்டு மாற்றும் நுண்ணுயிர்களே தொட்டியின் உயிரைக் காக்கின்றன. தொட்டியைத் தேய்த்துக் கழுவுவோர் அறியாமல் முதலில் அழிப்பது அவற்றைத்தான்.

மீன் தன் உடலில் செரித்த புரதத்தின் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியே அமோனியாவாக வெளியிடுகிறது. உண்ணாமல் அடியில் தங்கும் இரையும் அழுகி அமோனியாவாகிறது. ஒரு வகை நுண்ணுயிர்கள் இதை நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா முதலிய வேறு சில அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு; மூன்றாவது, அளவு மிகாதவரை, பெருந்தீங்கு செய்யாதது. இம்மாற்றத்தைச் செய்யும் உயிர்களை முதன்முதலில் தனியே பிரித்து வளர்த்தவர் ரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. அது 1890ஆம் ஆண்டை ஒட்டி நிகழ்ந்தது. நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நீண்டகாலம் நம்பப்பட்ட நைட்ரோபாக்டர் இனமன்று, நைட்ரோஸ்பைரா இனமே என்பது 1998இல் வெளியான ஆய்வால்தான் தெரியவந்தது. வளர்ப்போர் மனத்தில் இருத்த வேண்டியது இவ்வுயிர்களின் மெதுவான இயல்பை. அழுகுபொருளைத் தின்னும் பொது பாக்டீரியாக்கள் நல்ல சூழலில் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே இரட்டிப்பாகிவிடும். அமோனியாவை மாற்றும் உயிர்களுக்கோ அரை நாள் முதல் ஒரு நாளுக்கு மேலும் தேவைப்படும். அவை நீரில் மிதப்பதைவிடப் பஞ்சிலும் கூழாங்கல்லின் மேற்புறத்திலும் கண்ணாடிச் சுவரிலும் ஒட்டியே வாழ்பவை. எனவே கல்லையும் பஞ்சையும் தேய்த்துக் கழுவிய தொட்டியில் மெதுவாக வளர்பவை அழிந்துபோக, விரைந்து பெருகுபவை வெற்றிடத்தை நிரப்புகின்றன. நீரில் தனித்தனியே மிதக்கும் அந்தக் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களின் மேல் ஒளி பட்டுச் சிதறுவதையே கண் வெண்மையான மூட்டமாகக் காண்கிறது.

புதிதாக அமைத்த தொட்டி முதல் வாரத்திலோ இரண்டாம் வாரத்திலோ வெளுத்துக் கலங்குவதும் இதே காரணத்தால்தான். அது பெரும்பாலும் சில நாள்களில், மிஞ்சினால் பத்து நாள்களில், தானே தெளியும். நைட்ரேட் வரையிலான முழுச் சுழற்சி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகும். இக்கரையின் வெப்பம் அதைச் சற்று விரைவுபடுத்தும். தெளியும்வரை நீரை நாள்தோறும் முழுவதும் மாற்றிக்கொண்டிருந்தால் சுழற்சி ஒவ்வொரு முறையும் தொடக்கத்துக்கே திரும்பும்.

இரையின் அளவு இங்கே எல்லாவற்றையும்விட முதன்மையானது. ஆகவே ஒரு கணக்கை மட்டும் விரிவாகப் பார்ப்பது பயனுடையது. வீடுகளில் பெரிதும் காணப்படும் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டி விளிம்புவரை 56 லிட்டர் கொள்ளும். கல்லுக்கும் மேல் இடைவெளிக்கும் கழித்தால் உண்மையில் இருப்பது ஏறத்தாழ 45 லிட்டர் நீர். புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், 40 விழுக்காடு புரதம் உள்ள இரை ஒரு கிராம் உண்ணப்படாமல் அழுகினால் 64 மில்லிகிராம் நைட்ரஜன் வெளிப்படும். அது முழுவதும் அமோனியாவானால் அத்தொட்டியில் லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் அமோனியா-நைட்ரஜன் சேரும். ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும் இரையின் விளைவு இது. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகக் கூனி இறாலைக் காயவைத்துப் பொடித்து இடுவோர் இதைச் சிறப்பாகக் கருத வேண்டும்; அது நல்ல இரையே ஆனாலும், நுண்பொடியாக இருப்பதால் மீன் வாயில் சேர்வதைவிட நீரில் கரைவது மிகுதி. பொடியைச் சலித்து நீக்கிச் சிறு துணுக்குகளை மட்டும், இரண்டு நிமிடத்துக்குள் மீன்கள் தின்று முடிக்கும் அளவில் இட வேண்டும். சோற்றுப்பருக்கையும் ரொட்டித்துண்டும் தொட்டிக்கு ஆகாதவை. நீர் கலங்கிய நாள்களில் இரையை ஓரிரு நாள் முழுவதும் நிறுத்துவதால் நலமான வளர்ந்த மீன் எதுவும் சாவதில்லை.

தொட்டிக் கலங்கலுக்கு விடை தேடிய வரலாறு, வீட்டுத்தொட்டியின் வரலாறு அளவுக்கே பழமையானது. லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் ஒரு கண்ணாடிக் கலத்தில் இரு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நாடா போன்ற நீர்ச்செடியையும் வைத்து, செடி வெளியிடும் ஆக்சிஜனால் மீன் வாழுமா என்று ஆராய்ந்து, தம் முடிவை 1850இல் வேதியியல் கழகத்தின் முன் வைத்தார். செடியின் பழுத்த இலைகள் அழுகத் தொடங்கியபோது நீர் கலங்கிக் கண்ணாடியில் வழவழப்பு படிந்தது. அவர் நீரைக் கொட்டிவிடவில்லை. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகிய இலையையும் வழவழப்பையும் தின்று தீர்க்க, கலம் தெளிந்தது. வாரிங்டன் காலத்தில் அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்களைப் பற்றி எவரும் அறிந்திருக்கவில்லை. ஆயினும் கலங்கலுக்குத் தீனியாக இருப்பது எது என்று கேட்டு, அந்தத் தீனியை நீக்கும் முறையை அவர் கண்டார். இன்றும் அதைவிடச் சிறந்த முறை இல்லை.

கலங்கலின் வகையை அறிய விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. தொட்டிநீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் எடுத்து, பின்னால் வெள்ளைத்தாள் வைத்துப் பார்த்து, ஓர் இரவு அசையாமல் விட்டால் போதும். இரண்டு மூன்று நிமிடத்திலேயே அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால், குழாயின் அழுத்தத்தில் கரைந்திருந்த காற்று நுண்குமிழிகளாக வெளிவந்தது என்று பொருள். அதற்கு மருந்தே இல்லை, தேவையும் இல்லை. காலையில் அடியில் வண்டல் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது மண்ணோ தாதுவோ ஆகும். காலையிலும் அதே வெண்மூட்டம் நீடித்தால் பெரும்பாலும் பாக்டீரியா. தாளின் முன் பச்சை தெரிந்தால் நுண்பாசி. நீர் தெளிவாகவே இருந்து தேநீர் நிறம் மட்டும் ஏறியிருந்தால், தொட்டியிலுள்ள மரக்கட்டையோ நாட்டுவாதுமை இலையோ வெளிவிட்ட துவர்ப்பொருள் காரணம். அது மீனுக்குத் தீங்கற்றது, சண்டை மீன் வளர்ப்போர் அதை வேண்டுமென்றே உண்டாக்குகின்றனர்.

தாதுக் கலங்கலைப் பற்றி இக்கரை மக்கள் மற்ற ஊராரைவிடக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டியுள்ளது. வட சென்னைக்கு அப்பால் மீஞ்சூர் முதலிய பகுதிகளில் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட செய்தி. கரையோர ஆழ்துளைக் கிணறுகளின் நீர் பல இடங்களில் கடினமாகவும் உவர்ப்பாகவும் உள்ளது. கடினநீர் என்பது கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீர். நிலத்தடியில் கரியமில வாயு கரைந்திருக்கும்வரை அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் கண்ணுக்குத் தெரியாது. தொட்டியில் காற்றுக்குமிழ் விடும்போது அவ்வாயு வெளியேற, சுண்ணாம்பு வெண்துகளாகப் பிரிந்து நீரை மங்கச் செய்யும். இரும்பு கலந்த நீரோ இறைக்கும்போது பளிங்காக இருந்து, காற்றுப்பட்ட சில மணி நேரத்தில் செம்பழுப்பாகும். இரண்டுக்கும் ஒரே வழிதான்: நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் காற்றோட்டி வைத்து, படிய வேண்டியது படிந்தபின் மேல்நீரை மட்டும் தொட்டியில் சேர்த்தல். அழகுக்காகக் கிளிஞ்சலையும் சிப்பியையும் தொட்டியில் பரப்புவோர், அவை மெல்லக் கரைந்து கடினத்தையும் காரத்தன்மையையும் மேலும் ஏற்றும் என்பதை அறிந்திருத்தல் நலம்.

காரத்தன்மை ஏறுவதில் பெரிய இடர் ஒன்று ஒளிந்திருக்கிறது. அமோனியா நீரில் இரு வடிவில் இருக்கும். மின்னேற்றம் பெற்ற வடிவம் ஓரளவு தீங்கற்றது, மின்னேற்றமற்ற வடிவம் செவுளைத் தாக்கும் கொடுநஞ்சு. 30 பாகை செல்சியசில், அமில காரத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே அளவு 8 ஆனால் நூற்றில் ஏழு பங்குக்கு மேல். ஆகவே ஒரே அளவு இரையை வீணாக்கினாலும், மென்னீர் கொண்ட ஊரில் பிழைக்கும் மீன் கரையோரக் கிணற்று நீரில் பிழைக்காமல் போகலாம். உவர்ப்பினால் கிடைக்கும் ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும்: நீரிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் உட்புகுவதைத் தடுக்கிறது. கடினநீருக்கு அஞ்சி முழுவதும் கேன் தண்ணீர் ஊற்றுவோர் வேறொரு குழியில் விழுகின்றனர். தாது நீக்கிய அந்நீரில் பைகார்பனேட் மிகக் குறைவு. அமோனியாவை மாற்றும் உயிர்கள் தம் பணியின்போது அதையே செலவழிப்பதால், அது தீர்ந்ததும் பி.எச். சரிந்து அவ்வுயிர்கள் ஓய்ந்துவிடும். கிணற்று நீரையும் கேன் தண்ணீரையும் கலந்து பயன்படுத்துவது இக்கரைக்குப் பொருந்தும் நடுவழி. ஊராட்சிக் குழாய்நீராயின் அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொல்லுமாதலால், ஒரு நாள் திறந்து வைத்தோ, கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் மருந்தைச் சொட்டு அளவில் இட்டோ சேர்க்க வேண்டும்.

மண் கலங்கல் ஏரியில் நடந்துகொள்வதும் தொட்டியில் நடந்துகொள்வதும் வேறு. வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் கொண்டுவரும் களித்துகள்கள் ஒவ்வொன்றும் எதிர்மின்னேற்றம் உடையன. அதனால் ஒன்றையொன்று விலக்கி நன்னீரில் நாள்கணக்கில் மிதக்கும். முகத்துவாரத்தை அணுகி உப்புநீரைத் தொட்டவுடன் உப்பின் அயனிகள் அந்த ஏற்றத்தைத் தணிக்க, துகள்கள் ஒட்டிப் பெரிதாகி அடியில் படிகின்றன. குடிநீரில் படிகாரம் சுழற்றுவதும், கலித்தொகையில் உவமையாக ஆளப்படும் அளவுக்குப் பழமையான தேற்றாங்கொட்டை இழைப்பும் இவ்வாறு துகள்களைத் திரட்டியே நீரைத் தெளிவிக்கின்றன. ஆனால் மீன் உள்ள தொட்டியில் படிகாரம் இடுவது ஏற்கத்தக்கதன்று. அது பைகார்பனேட்டைத் தின்று பி.எச். அளவைத் திடீரெனத் தாழ்த்தும். மணலையும் கல்லையும் தொட்டியில் இடுவதற்கு முன்பே, வாளியில் கலக்கிய நீர் தெளிவாக வரும்வரை கழுவுவதே போதுமானது. ஏரிச்சேற்றையோ ஏரிநீரையோ நன்னீர்த் தொட்டியில் சேர்ப்பது இருவகையில் தவறு: சேற்றின் ஆழத்தில் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு தங்கியிருக்கும், மழைக்காலத்தில் ஏறக்குறைய நன்னீராகவும் கோடையில் சில பகுதிகளில் கடலையும் மிஞ்சிய உவர்ப்பாகவும் மாறும் அந்நீரில் வாழப் பழகிய நுண்ணுயிர்கள் தொட்டியில் இறந்து புதிய கலங்கலுக்குத் தீனியாகும்.

பச்சைக் கலங்கல் ஒளியும் நைட்ரேட்டும் மிகுந்ததன் விளைவு. சன்னலோரத் தொட்டியை இடம் மாற்றி, விளக்கை நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரமாகக் குறைத்து, தேவையானால் மூன்று நான்கு நாள் கனத்த துணியால் முழுவதும் மூடி, காற்றுக்குமிழை மட்டும் நிறுத்தாமல் விட்டால் பாசி மடியும். மடிந்த பாசி அழுகுமாதலால் துணியை எடுத்தவுடன் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுவது அவசியம்.

மின்தடையைத் தனியே குறிப்பிட வேண்டியுள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. இத்தகைய நாள்கள் இக்கரைக்கு மீண்டும் வரும். வடிகட்டி சில மணி நேரம் நின்றாலே பஞ்சினுள் ஆக்சிஜன் தீர்ந்து நன்னுயிர்கள் மடியத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அப்படியே இயக்கினால் உள்ளே அழுகிய நீர் முழுவதும் தொட்டிக்குள் பீறிடும். நெடுநேரம் நின்ற வடிகட்டியின் பஞ்சை முதலில் வெளியே எடுத்து, ஒரு வாளியில் பிடித்த தொட்டிநீரிலேயே மெல்ல அலசி, பிறகே பொருத்த வேண்டும். மற்ற நாள்களிலும் பஞ்சை அலசும் முறை இதுவே. குழாய்நீரில் அலசுதல் கூடாது. 30 பாகை வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனையே ஏற்கும். பாக்டீரியா பெருகிய வெண்கலங்கலில் அதுவும் விரைந்து குறையும். மீன் மேலே வந்து வாய் திறந்தால், கலங்கலைவிட மூச்சே உடனடி இடர் என்று அறிந்து, மின்கலத்தில் ஓடும் காற்றுப்பம்பையோ, அது இல்லாவிடில் குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவதையோ தொடங்க வேண்டும். அந்நிலையில் கால் பங்கு நீரை, அதாவது மேற்சொன்ன தொட்டிக்குப் பதினொன்று அல்லது பன்னிரண்டு லிட்டரை, தொட்டிநீரின் வெப்பத்தை ஒத்த நீரால் மாற்றலாம். மறுநாளும் அவ்வளவே மாற்றலாம். பாதிக்கு மேல் ஒரே நாளில் மாற்ற நேர்வது அரிது.

நலமாக ஓடும் தொட்டி ஒன்று அண்டை வீட்டில் இருக்குமானால், அதன் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைப் பெற்று ஈரம் உலராமல் கொணர்ந்து புதுத்தொட்டியின் வடிகட்டிக்குள் வைப்பது, கடையில் விற்கும் எந்தத் தெளிவிப்பு மருந்தையும்விடப் பயன் தரும். நோயுள்ள தொட்டியிலிருந்து மட்டும் அதைப் பெறலாகாது. கொளத்தூர்ச் சந்தையிலிருந்து மீன் வாங்கி வருவோர் பையைத் தொட்டியில் கால்மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, மீனை வலையால் எடுத்து விட்டு, பயண நேரத்தில் அமோனியா சேர்ந்த பைநீரைத் தொட்டிக்கு வெளியே ஊற்ற வேண்டும். நீரை அளந்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்குப் பொன்னேரியிலுள்ள மீன்வளக் கல்லூரி தொலைவில் இல்லை. பள்ளிகள் வழியே அங்குள்ள ஆசிரியர்களை அணுகுவது நல்ல தொடக்கமாக அமையும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கலங்கலோடு போராடிச் சலித்த சில வீடுகளில் மீனையும் செடியையும் நத்தையையும் ஏரியிலோ பக்கிங்காம் கால்வாயிலோ கொட்டிவிடும் எண்ணம் எழுவதுண்டு. மீனைக் கொல்ல மனமில்லாத இரக்கத்தால் அவ்வாறு செய்வோரும் உளர். தொட்டி சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீன் இவ்வாறு விடப்பட்டே தமிழ்நாட்டின் பல நன்னீர் ஏரிகளில் பெருகியிருக்கிறது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட காக்கா ஆழி என்னும் அயல் சிப்பி எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் பரவி, மீன்பிடிக்கும் இடங்களை அடைத்து, இறால் தடவிப் பிழைப்போரின் வாழ்வைக் கெடுத்திருப்பதை இக்கரை மக்கள் கண்முன் காண்கின்றனர். அச்சிப்பி மீன்தொட்டியிலிருந்து வந்ததன்று. ஆயினும் அயலுயிர் ஒன்று ஏரியில் வேரூன்றினால் அதைத் திரும்பப் பெற இயலாது என்பதற்கு அதைவிட அருகிலுள்ள சான்று வேண்டியதில்லை. வளர்க்க இயலாத மீனை மற்றொரு வளர்ப்பவரிடமோ வாங்கிய கடையிலோ ஒப்படைக்க வேண்டும். செடியையும் நத்தையையும் வெயிலில் நன்கு உலர்த்திப் புதைக்க வேண்டும். மருந்தோ உப்போ இடாத தொட்டியின் பழைய நீர் நைட்ரேட் நிறைந்த உரநீர் ஆதலால், அதைத் தென்னையின் அடியிலும் கீரைப்பாத்தியிலும் ஊற்றலாம். வழக்கமாக வாரந்தோறும் மாற்ற வேண்டிய கால்பங்கு நீருக்கும் அதுவே இடம்.